இடுப்பில் ஒட்டிய கயிறு

கரமனை ஆற்றில் குளிக்க இறங்கிய ஆனை ஒன்று, பகல் முழுக்கக் கரையேற மாட்டேன் என்று நின்றதே, உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, அதற்கு அடுத்து வந்த மழைக்காலம். பாலத்தில் ஆள் நிற்க இடம் இல்லை. பாகன் சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், வெல்லம் காட்டினான், கெட்ட வார்த்தை சொன்னான். ஆனை காதை ஆட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் எல்லோரும் சலித்துக் கரையில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்த பிறகு, அது தன்பாட்டுக்கு ஏறி வந்தது. அப்பா என்னைப் பாலத்துச் சுவரில் உட்கார்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், தங்கச்சி பிறந்திருந்தாள்.

வருஷம், தேதி என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் எழுத்து படித்தவன் இல்லை. சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "தாத்தா, ஆனை போதும், விஷயத்துக்கு வா" என்கிறாள். வருகிறேன். ஆனாலும் எனக்கு அந்த வருஷம் என்றால் முதலில் ஆனைதான் வரும், அதற்குப் பின்னால்தான் பயம் வரும்.

எங்கள் வீடு பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. எங்களுக்குப் பூக்கட்டுத் தொழில். தோவாளையிலிருந்து முதல் பஸ்ஸில் கூடை வரும். பிச்சி, அரளி, துளசி, கூடவே ஈரச் சாக்கில் சுற்றிய வாழைநார். நாரை நகத்தால் கீறிக் கீறி மெல்லிசாக்கி, தண்ணீரில் போட்டு வைப்பார்கள். வீடு முழுக்கப் பூ வாசனை என்று நினைப்பீர்கள். பூவை விட ஊறின நாரின் வாசனைதான் அதிகம். கொஞ்சம் புளித்த மாதிரி, கொஞ்சம் மண் மாதிரி. மழைக்காலத்தில் சோற்றிலும் அந்த வாசனை இருக்கும்.

நார் கையை அறுக்கும். அப்பாவின் விரல்கள் ரம்பம் மாதிரி இருக்கும். அம்மாவின் விரல்களும் அப்படித்தான். என் தலையை அம்மா தடவினால் முடி அவள் விரலில் மாட்டிக்கொள்ளும். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வரும்.

தங்கச்சி பிறந்தபோதே ஒரு குதிகாலில் தோல் இல்லை. பேறு பார்க்க வந்தவள், வயிற்றுக்குள் உதைத்து உரசியிருக்கும், சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அம்மா குளிப்பாட்ட அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கின இடத்தில் கொப்புளம் எழும்பியது. பப்படம் எண்ணெயில் விழுந்ததும் எழும்புமே, அப்படி. அது உடைந்தால் உள்ளே சிவப்பாக ஈரமாக இருக்கும். துணி பட்டால் ஒட்டும். துணியை எடுத்தால் தோலும் வரும்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, பிள்ளை பார்க்கத் தோவாளையிலிருந்து பூக்கூடை வரும் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெற்றிலைப் பையை இடுப்பிலிருந்து எடுக்கும் முன்பே பிள்ளையைப் பார்த்தாள்.

"ஏளா, பிள்ளையத் தூக்கத் தெரியாதா உனக்கு? இப்பிடிக் கீறி வச்சிருக்க?"

"நான் கீறல்ல மைனி. தொட்ட எடமெல்லாம் பொங்குது" என்றாள் அம்மா.

"மாசமா இருக்கப்ப கிரகணம் வந்துதே, அண்ணைக்கு என்ன செய்த? நாரு கீறினியா?"

அம்மா நார்ச்சட்டியைத் தள்ளி வைத்தாள்.

"கீறினியா இல்லியா, அதச் சொல்லு."

"கோயிலுக்கு மாலை கொடுக்கணுமே மைனி. அவரு ஒத்தைக்கு என்ன செய்வாரு?"

"அப்போ சரி. கிரகணத்துல நாரக் கீறுனா பிள்ளைக்குத் தோலு கீறாம வேற என்ன செய்யும்?"

அவ்வளவுதான். அத்தை கோபத்தில் கூடச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அம்மா அதைச் சாகிறவரை நம்பினாள். பல வருஷம் கழித்து ஒரு தோல் டாக்டர், இது பிறவித் தோல், யார் செய்ததும் இல்லை, தாயின் இரத்தத்திலும் தகப்பன் இரத்தத்திலும் ஒளிந்திருந்து வருவது என்று எங்களிடம் சொன்னார். அப்போது கேட்க அம்மா இல்லை.

இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டினார்கள். கயிறு அத்தை கொண்டுவந்தது. கறுப்பு நூலைத் தானே முறுக்கி, நடுவில் ஒரு வெள்ளிக் குழல் கோத்திருந்தாள். குழலுக்குள் கோயில் திருநீறு. அத்தை கட்டும்போது சிரித்தாள். அவள் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சர்க்கரைப் பாயசம் வைத்தார்கள், பக்கத்துச் சாயாக்கடைக்காரர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது.

சாயங்காலத்துக்குள் இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. மறுநாள் கோடு முழுக்கக் கொப்புளம். அதற்குப் பிறகு கொப்புளம் உடைந்து கயிறு அதற்குள் இறங்கியது. நீர் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி, கயிறு எது, பொருக்கு எது என்று தெரியாமல் போனது. வெள்ளிக் குழல் மட்டும் வெளியே நின்றது.

அம்மா ஒருநாள் நார் வெட்டுகிற பிச்சாத்திக் கத்தியை எடுத்துக்கொண்டு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"என்ன செய்யப் போற?"

"அறுத்துர்றேன் மைனி. வேறென்ன செய்ய?"

"அரைஞாண எப்ப அறுப்பாவ, தெரியுமா உனக்கு?"

"மைனி, புண்ணுக்குள்ள போயிருச்சு..."

"நான் ரெண்டு பிள்ளைக்கு அறுக்கப் பாத்திருக்கேன். ரெண்டும் என் மடியில கெடந்துது. பாடையில வைக்கதுக்கு முன்ன வண்ணான் வந்து அறுத்தான். உசிரோட கெடக்க பிள்ளைக்கு அறுக்கச் சொல்லுதியா? அறுத்தா அது போயிரும்ணு அதுக்கே தெரிஞ்சு போகும்."

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்து செத்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா பிச்சாத்தியைத் தரையில் வைத்தாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரு பயம் பிடித்தது. கயிறு தானாக இற்று விழுந்தால் தங்கச்சி செத்துப்போவாள் என்று. காலையில் கண் விழித்ததும் முதலில் அந்த வெள்ளிக் குழல் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அதற்கிடையில் என் கைக்கு ஒரு வேலை வந்தது. நான் அப்போதுதான் நார் கீறப் பழக ஆரம்பித்திருந்தேன். அம்மா என் இரண்டு உள்ளங்கையையும் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மக்கா, நீ இனிமே நாரத் தொடாண்டாம். பிள்ளைய நீதான் தூக்கணும். உன் கையிதான் வழுக்கமா இருக்கு."

"பள்ளிக்கூடம்?"

"அது பொறவு போலாம்."

அந்தப் பொறவு வரவே இல்லை. அதைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கையோடு நான் பட்ட பயம்! நகத்தை ஒட்ட வெட்டி, கையில் தேங்காயெண்ணெய் தடவி நிற்பேன். தங்கச்சியின் அடியில் உள்ளங்கையை மெல்ல நுழைத்து, அவள் எடை தானாக இறங்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். எனக்கு ஒன்று பிடிபட்டது. அமுக்கினால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. உரசினால்தான் தோல் வரும். இதை நான் யாரிடமும் சொல்லத் தெரியாமல், கையில் மட்டும் வைத்திருந்தேன். அவளைத் தூக்கி நிற்கும்போது மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்ட மாட்டேன்.

இப்படி இருக்கையில் சாயாக்கடைக்காரர் வீட்டுக்காரி, பாயசக் கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்தவள், பிள்ளையைப் பார்த்துவிட்டாள். மறுநாள் சந்து முழுக்கப் பேச்சு. பூக்கார வீட்டில் வசூரி என்று. வசூரி என்றால் பெரியம்மை. வசூரி வந்தவர்களை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரு ஓலைக்கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். போனவர்கள் திரும்பி வந்த கதையை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. கோயிலுக்கு மாலை கட்டுகிற வீட்டில் அம்மை என்றால் மாலையும் நின்றுபோகும். அப்பா அதைச் சொல்லவில்லை. வண்டியைத்தான் சொன்னார். "வண்டி வந்தா பிள்ளைய ஒத்தைக்குத்தான் ஏத்துவான்" என்றார்.

ஒரு முற்பகல், அம்மை வராமலிருக்க ஊசியால் அச்சு குத்துகிற சர்க்கார் ஆள் சந்துக்குள் வந்துவிட்டார். வண்டிக்குச் சொல்லி அனுப்புகிறவரும் அவர்தான். தகரப் பெட்டி, ஸ்பிரிட் விளக்கு, கூட ஒரு பியூன். சந்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஓடி ஒளிந்த சத்தம் கேட்டது. அப்பா ஒரு நிமிஷம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒளித்து வைக்க எங்கள் வீட்டில் என்ன இருந்தது? பூக்கூடைதான் இருந்தது. கூடைக்குள் ஈர வாழையிலை விரித்திருந்தது. "மக்கா, தூக்கு" என்றார். நான் தங்கச்சியைத் தூக்கி இலையில் கிடத்தினேன். மேலே இன்னொரு இளம் இலை. அதன்மேல் அப்பா கை நிறையப் பிச்சிப்பூவை அள்ளிப் போட்டார். மூச்சு விட ஓரத்தில் இடைவெளி.

அச்சு குத்துகிறவர் வாசலில் நின்றார்.

"இவிடெ ஒரு குட்டி உண்டல்லோ. எவிடெ?"

"தோவாளைக்குப் போயிருக்கு சாரே" என்றார் அப்பா. "அதுக்க அத்தை கொண்டு போயிட்டா."

அந்த நேரம் பார்த்து அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அச்சு குத்துகிறவர் அவளைக் காட்டிக் கேட்டார்.

"அப்போ இது ஆரு?"

அத்தை வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "நான் வேற அத்தை."

அவர் அவளைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். கூடைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "நல்ல பிச்சியாணல்லோ. கொறச்சு எடுக்கட்டே?" என்று கையை நீட்டினார். எனக்குக் கால் வழியாகச் சூடாக இறங்கியது. நனைந்த தரையில் அது யாருக்கும் தெரியவில்லை.

"அது உதிரி சாரே, கட்டினது தாரேன்" என்று அப்பா ஆணியில் தொங்கிய சரத்தை எடுத்து நீட்டினார். பியூன் அதை வாங்கிக்கொண்டான். அவர் போகிற போக்கில் என் கையைப் பிடித்து அச்சு குத்திவிட்டுத்தான் போனார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றைக்கு வலித்ததா என்று கேட்டால் தெரியாது, என் கண் முழுக்கக் கூடையில் இருந்தது.

அவர்கள் போனதும் அம்மா பூவை அள்ளி எறிந்துவிட்டு இலையைத் தூக்கினாள். அழ வேண்டிய பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்த நாள் முதல் அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதில்லை. அதைவிட, இலை அவள் உடம்பில் எங்குமே ஒட்டவில்லை. புண் இருந்த இடத்திலும் ஒட்டவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பாய் கிடையாது, துணி கிடையாது. தினமும் வெந்நீரில் முக்கி ஆற்றிய இளம் இலைதான் படுக்கை.

ஆனால் இடுப்பு நாறத் தொடங்கியது. காய்ச்சலும் வந்தது. அவள் அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகச் சுருங்கியது. அப்பா கூடையோடு அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன டிஸ்பென்சரி இருந்தது. டாக்டர் எப்போதாவது வருவார். கம்பவுண்டர்தான் எப்போதும் இருப்பார். அவரும் நாஞ்சில் நாட்டுப் பக்கத்து ஆள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு புண்ணைப் பார்த்தார்.

"மொதல்ல இந்தக் கயிற முறிச்சு எடுக்கணும்."

"அது மட்டும் செய்யப்படாது" என்றாள் அத்தை. கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உள்ளே பழுத்திருக்கு."

"மருந்து போடுங்க. எவ்வளவு வேணும்னாலும் போடுங்க. கயிறத் தொடாதீங்க."

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். கம்பவுண்டர் பெருமூச்சு விட்டு, கயிற்றின் மேலேயே மஞ்சள் களிம்பு பூசி, சல்லடை மாதிரிக் கண்ணித்துணி சுற்றி, அது நழுவாமல் இருக்கச் சுற்றிலும் ஒட்டுப் பிளாஸ்திரி போட்டார். அந்தப் பிளாஸ்திரியின் ரப்பர் வாசனை எனக்குப் பிடித்திருந்தது என்றால் நம்புவீர்களா? புது வாசனை. சரியாகிவிடும் என்று சொல்லுகிற வாசனை மாதிரி இருந்தது.

கட்டு மாற்றச் சொன்ன நாளில் போனோம். காய்ச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது, எல்லோருக்கும் முகம் தெளிந்திருந்தது. கம்பவுண்டர் கூட என்னிடம், "என்ன பெரிய ஆளு, தங்கச்சி உன்ன விடச் செவப்பா இருக்காளே" என்று சிரித்தார். "மெள்ள மெள்ள எடுத்தா ரொம்ப நேரம் நோவும். ஒரே இழுப்பு, தீந்தது" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்திரியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்.

சர்ரென்று ஒரு சத்தம். பால் ஆறினால் மேலே ஒரு ஆடை கட்டுமே, அதை விரலால் எடுத்தால் முழுசாக வருமே. அப்படி வந்தது. தங்கச்சி வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது, முகம் நீலமானது. அம்மா கூடையின் மேல் குனிந்து அவள் முகத்தில் ஊதினாள். ஊதினாள், ஊதினாள். பிறகுதான் அழுகை வந்தது.

கம்பவுண்டர் கையில் இருந்த பிளாஸ்திரித் துண்டைப் பார்த்தார். அதன் உள்பக்கத்தை எங்களுக்குக் காட்டாமல் மடக்கினார். முனை மட்டும்தான் வந்திருந்தது. மீதி எல்லாம் பிள்ளையின் இடுப்பைச் சுற்றி அப்படியே இருந்தது.

"நான் இப்பிடி ஒரு தோலப் பாத்ததில்ல" என்றார். "இனி நான் தொட மாட்டேன். யாரும் இழுக்கப்படாது."

"பின்ன எப்பிடி எடுக்கது?" என்று அப்பா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கம்பவுண்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "ஒட்டுக்கு எண்ணெய், துணிக்குத் தண்ணி. பிளாஸ்திரி மேல தேங்காயெண்ணெய் விடுங்க. பசை தளரும். பொறவு தண்ணியைக் காய்ச்சி ஆத்தி, பிள்ளைய அதுல இருத்துங்க. உப்பில்லாத வெறும் தண்ணிதான் எரியும். கொஞ்சம் உப்புப் போடணும், நாக்குல வச்சா கண்ணீர் மாதிரி இருக்கணும். அதுக்கு மேல வேண்டாம். துணி தன்னால மிதந்து வரும். வரும்வரை விடுங்க." பிறகு அத்தையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "கயிறு கெடந்தா புண்ணு மூடாது. இந்தப் பிள்ளை தங்காது. அது உங்க கையிலயாக்கும்."

அத்தை முன்னால் நடந்தாள்.

வீட்டில் ஒரு உருளி இருந்தது. அம்மா பிறந்த வீட்டுச் சீர், பாயசம் வைக்க மட்டும் எடுப்பது. நல்ல கனமான வெண்கலம், காதுகளில் கொடி வேலை. பின்னாளில் அதன் அடி விட்டுப் போய், பழைய பாத்திரக்காரன் வண்டியில் போனது. அதை இன்றைக்கும் எங்காவது பார்த்தால் கண்டுபிடிப்பேன். அதில் தண்ணீரைக் காய்ச்சி ஆற்றினார்கள். உப்புப் போட்டு அம்மா விரலை நக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியவில்லை. அவள் கண்ணீர் வாயில் வந்துகொண்டிருந்தது, எது உருளித் தண்ணீர் என்று எப்படித் தெரியும்? "நீ பாரு மக்கா" என்றாள். நான் பார்த்தேன். சரியாக இருந்தது.

எண்ணெயில் ஊறிய பிளாஸ்திரி முதலில் ஓரம் சுருண்டது. அப்பா இழுக்கவில்லை. எண்ணெய் விட்டார், காத்திருந்தார், மறுபடி விட்டார். அது வாழைத்தண்டின் மேல்பட்டை கழல்வதைப் போலக் கழன்றது. பிறகு நான் தங்கச்சியை உருளியில் இறக்கி, கழுத்துக்கு அடியில் ஒரு கையும் தொடைக்கு அடியில் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே பழவங்காடி ரோட்டில் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளையாருக்கு நேர்ந்தவர்கள் உடைப்பது. ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கை அதிரும். அதிர்ந்தால் உரசும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். தண்ணீர் ஆற ஆற அப்பா வெதுவெதுப்பாக ஊற்றினார். கண்ணித்துணி முதலில் நிறம் மாறியது. ஒரு முனை தூக்கியது. கொஞ்ச நேரத்தில் பாசி மாதிரி ஆடியது. அப்புறம் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீரில் எழுந்து நின்றது. யாரும் தொடவில்லை.

துணி போன பிறகு கயிறு தெரிந்தது. பொருக்கெல்லாம் ஊறிக் கயிற்றை விட்டிருந்தது. ஆனால் முடிச்சு பிள்ளை வளர்ந்த வளர்ச்சியில் இறுகியிருந்தது. கழற்ற வழி இல்லை. அறுக்கத்தான் வேண்டும்.

அம்மா அத்தையைப் பார்த்தாள். பிச்சாத்தி அத்தையின் பக்கத்தில் இருந்தது. என் கை மரத்துப்போயிருந்தது. இப்போது அறுப்பார்கள், இப்போது தங்கச்சி செத்துப்போவாள், என் கையிலேயே செத்துப்போவாள் என்று மனசில் ஓடியது. நான் அழுதேன். சத்தம் போட்டு அழ முடியாது, கை ஆடும்.

அத்தை எழுந்து நார்ச்சட்டிக்குப் போனாள். ஒரு நீள நாரை எடுத்து நகத்தால் கீறி, இன்னும் கீறி, மயிர் போல மெல்லிசாக்கினாள். பெட்டியிலிருந்து கறுப்பு நூல் கொஞ்சம் எடுத்து அதனோடு முறுக்கினாள். இளம் வாழையிலையில் ஒரு அகலத் துண்டைக் கிழித்தாள்.

"பிள்ளையத் தூக்கு லே" என்றாள் என்னிடம். "தண்ணியோட தூக்கு. பதறாத."

தூக்கினேன். அத்தை அந்த இலைத் துண்டைத் தங்கச்சியின் நெஞ்சுக்குக் கீழே, புண்ணுக்கு மேலாகச் சுற்றினாள். இலையின்மேல், தோலில் படாமல், புதுக் கயிற்றைத் தளர்த்தி ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தாள்.

"அக்கா, இலைக்கு மேல கட்டினா கணக்காகுமா?" என்றார் அப்பா.

"ஏன் ஆகாது? சாமிக்கு உடம்புலயா மாலை போடுத? பட்டுக்கு மேலதான போடுத? சாமி வேண்டாம்ணா சொல்லிச்சு?"

அத்தை தங்கச்சியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "உனக்குக் கயிறு இருக்கு. கேட்டியா? ஒரு நிமிஷம் கூட நீ கயிறில்லாம இல்ல. பயப்படாத" என்றாள். அப்புறம் பழைய கயிற்றின் அடியில் பிச்சாத்தியைப் படுக்க வைத்து நுழைத்து, கூர்ப்பக்கத்தை வெளியே திருப்பி, அறுத்தாள்.

வெள்ளிக் குழல் உருளியில் விழுந்து ஒரு சின்னச் சத்தம் போட்டது. நான் தங்கச்சியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தும்மினாள். அவ்வளவுதான். தும்மிவிட்டு என் மூக்கைப் பார்த்தாள்.

அத்தை பிச்சாத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். அவள் அழுத சத்தம் நெடுநேரம் கேட்டது. அது தங்கச்சிக்காக அழுதது என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

புண் மூட அந்த மழைக்காலம் முழுக்க ஆயிற்று. தினமும் உருளி, தினமும் உப்பு, தினமும் நான் நக்கிப் பார்ப்பேன். தினமும் அதே பயம். இன்றைக்குத் தோல் வந்துவிடுமோ, என் கை ஆடிவிடுமோ என்று. எனக்குப் பயம் தெளிந்தது என்று சொன்னால் பொய். பயத்தோடேயே கையை ஆடாமல் வைக்கப் பழகினேன், அவ்வளவுதான்.

தங்கச்சி இருக்கிறாள். விரல்களில் நகம் இல்லை, சில விரல்கள் மடங்கியே போய்விட்டன. பூக்கட்ட முடியாது. ஆனால் எங்கள் கடையில் அவள் உட்கார்ந்து பேசினால் பூ வாங்காமல் யாரும் போக முடியாது. அவள் புடவையின் மேல்தான் இன்றைக்கும் அந்த மாதிரி ஒரு கயிறு, தளர்வாக.

போன மாதம் எனக்குச் சுகமில்லாமல் ஆசுபத்திரியில் கிடந்தேன். கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள், மேலே பிளாஸ்திரி. நம் வயதில் தோல் எப்படி ஆகிறது என்று உங்களுக்குத் தெரியும். வெங்காயச் சருகு. வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு நர்ஸ் பெண் வந்தாள், நல்ல பெண், என் பேத்தி வயது. அவசரத்தில் பிளாஸ்திரியின் முனையைப் பிடித்தாள். எனக்கு அந்தச் சர்ரென்ற சத்தம் முன்கூட்டியே காதில் கேட்டுவிட்டது. "வேண்டாம் மோளே" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

தங்கச்சி என் காலடியில் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து தேங்காயெண்ணெய்க் குப்பியை எடுத்தாள். அவள் எங்கே போனாலும் அது கூடவே போகும்.

"ஒட்டுக்கு எண்ணெயாக்கும் மோளே" என்றாள் அந்தப் பெண்ணிடம். "நான் எடுத்துத் தாரேன். நீ வேற சோலியப் பாத்துட்டு வா." என்னிடம் திரும்பி, "இப்பதான் அண்ணா நீ என் கூட்டத்துல சேந்திருக்க" என்று சிரித்தாள்.

நகமில்லாத அந்த விரலால் பிளாஸ்திரியின் ஓரத்தில் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். என் கை ஆடியது. அவள் தன் உள்ளங்கையை என் கைக்கு அடியில் நுழைத்து, என் எடை இறங்கும்வரை அசையாமல் இருந்தாள்.

"உனக்கு எங்கயும் போகணுமா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"எனக்கும் இல்ல."

அதனால்தான் இதைச் சொல்லி எழுதச் சொன்னேன். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ தொட்டால் தோல் வருகிற ஒரு குழந்தை இருக்கலாம். சருகாகிப்போன ஒரு கிழவர் இருக்கலாம். அவர்களுக்குக் கட்டு மாற்றுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஒட்டுக்கு எண்ணெய், துணிக்குக் கண்ணீர் போலக் கரிக்கிற தண்ணீர். கயிறு கட்டத்தான் வேண்டுமென்றால் தோலில் படாமல் கட்டச் சொல்லுங்கள். பயத்தில்தான் கை இழுக்கும். பயந்தால் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்கட்டும், இழுக்க மட்டும் வேண்டாம். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். என் தங்கச்சி சொன்னதாகச் சொல்லுங்கள்.